கணையப் புற்றுநோய் அறிக்கையில் ‘ரத்தக்குழாய் ஊடுருவல்’, ‘நரம்பு ஊடுருவல்’: எதை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் இருக்கும் உங்கள் மாமாவுக்குக் கணையத் தலையில் 3 செ.மீ. கட்டி. ‘எஸ்எம்வி சிரையோடு 200 டிகிரி தொடர்பு, லேசான குறுகல், எஸ்எம்ஏ தமனியைச் சுற்றி மங்கல்’ என்கிறது ஸ்கேனர் (சிடி ஸ்கேன்) அறிக்கை. ரத்தக்குழாயைப் பிடித்திருப்பதால் இப்போது அறுவை வேண்டாம், முதலில் கீமோ என்று சொல்லியிருக்கிறார்கள். பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் செயின்ட் ஆந்த்ரேயில் இருக்கும் உங்கள் பெரியம்மாவுக்கும் இதே நோய்தான். அவருக்கு அறுவை முடிந்துவிட்டது. ஆனால் பிறகு வந்த திசு அறிக்கையில் நரம்பு ஊடுருவல், ரத்தக்குழாய் ஊடுருவல் இரண்டும் உண்டு என்று இருக்கிறது. ஊடுருவல் இருந்தும் அவருக்கு எப்படி அறுவை செய்தார்கள், மாமாவுக்கு ஏன் செய்யவில்லை என்பது உங்கள் கேள்வி.

இரண்டு அறிக்கைகளும் ஒரே சொல்லை எழுதினாலும் அவை சொல்லும் பொருள் வேறு. மாமாவின் ஸ்கேனர் பார்ப்பது பெயர் வைத்த பெரிய குழாய்களை: குடலுக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் கொண்டுபோகும், விரல் பருமனுள்ள அல்லது அதைவிடச் சற்று மெல்லிய குழாய்கள். பெரியம்மாவின் அறிக்கை பார்ப்பது நுண்ணோக்கியில் மட்டும் தெரியும், கட்டிக்குள்ளும் அதன் ஓரத்திலும் இருக்கும் நுண்குழாய்களையும் நுண்நரம்புகளையும். முதலாவது, அறுக்கலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, அறுத்த பிறகு நோய் எப்படி நடந்துகொள்ளக்கூடும் என்பதைக் காட்டுகிறது. பெரியம்மாவின் பெரிய குழாய்கள் ஸ்கேனரில் தெளிவாக இருந்திருக்கும். அதனால்தான் அறுவை நடந்தது.

இனி மாமாவின் அறிக்கை. கணையத் தலையை ஒட்டி, கணையக் கழுத்துக்குப் பின்னால் இரண்டு பெரிய குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் மேலும் கீழுமாக ஓடுகின்றன. வலப்பக்கம் மேல் மெசென்டெரிக் சிரை, அதாவது எஸ்எம்வி. அது மண்ணீரல் சிரையோடு சேர்ந்து போர்ட்டல் சிரையாகிக் கல்லீரலுக்குப் போகிறது. இடப்பக்கம் மேல் மெசென்டெரிக் தமனி, அதாவது எஸ்எம்ஏ. சிறுகுடல் ஏறக்குறைய முழுவதும் அதை நம்பியிருக்கிறது. சற்று மேலே சீலியாக் தண்டு என்ற தமனியும், அதிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பொதுத் தமனியும். மதிப்பீடு முழுவதும் இந்த நான்கைந்து குழாய்களைச் சுற்றித்தான்.

பிரெஞ்சு அறிக்கையில் எழுத்துகள் இடம் மாறும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஸ்எம்ஏ அங்கே ‘ஆ-எம்-எஸ்’, எஸ்எம்வி அங்கே ‘வே-எம்-எஸ்’. போர்ட் லூயிஸில் ஓர் அறிக்கை, ரீயூனியனில் இன்னோர் அறிக்கை என்று வைத்திருக்கும் குடும்பம் இவற்றை மாற்றிப் படித்தால் அர்த்தமே தலைகீழாகிவிடும். தமனி எது, சிரை எது என்று இரண்டு அறிக்கையிலும் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயைக் கட்டி எவ்வளவு தொட்டிருக்கிறது என்பதை, குழாயின் சுற்றளவை 360 டிகிரியாக வைத்து அளக்கிறார்கள். எல்லைக்கோடு பாதிச் சுற்று, 180 டிகிரி. இது மனம்போன கணக்கில்லை. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தொடர்பைக் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி என்று தரம் பிரித்து, அறுவையில் கண்டதோடு ஒப்பிட்டார்கள். பாதிக்கு மேல் சூழ்ந்திருந்தால் குழாயை விட்டுக் கட்டியைப் பிரிப்பது பெரும்பாலும் முடியவில்லை என்று தெரிந்தது. இன்றைய அளவுகோல்கள் அந்த அடித்தளத்தில் நிற்கின்றன.

தமனிக்கும் சிரைக்கும் விதி ஒன்றில்லை. எந்தத் தமனியையும் தொடாமல், சிரையை 180 டிகிரிக்குள் தொட்டு, சிரையின் உருவம் கெடாமல் இருந்தால் நேரடியாக அறுக்கத் தக்கது. சிரையோடு தொடர்பு 180ஐத் தாண்டினால், அல்லது அதற்குள் இருந்தும் சிரையின் ஓரம் கோணலானால், உள்ளே ரத்தம் உறைந்த கட்டி இருந்தால், மேலும் கீழும் வெட்டி இணைக்க நல்ல நீளம் மிச்சமிருக்கும்வரை ‘எல்லைக்கோட்டு நிலை’. எஸ்எம்ஏயை 180 டிகிரி வரை தொட்டாலும் எல்லைக்கோட்டு நிலைதான். தமனியில் 180ஐத் தாண்டினாலோ, சிரையை மீண்டும் இணைக்க வழியில்லாமல் போனாலோ ‘உள்ளூரில் முற்றிய நிலை’. மாமாவின் 200 டிகிரி, சிரையின் கணக்கு. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் எல்லைக்கோட்டில் இருக்கிறார். கதவு மூடவில்லை. முதலில் கீமோ என்று சொன்னது கைவிட்டதாக ஆகாது. இந்த நிலைக்கு இன்று வழக்கமான வரிசையே அதுதான்.

சிரையில் டிகிரியைவிட உருவம் சில சமயம் அதிகம் சொல்லும். குறுக்கே வெட்டிய படத்தில் எஸ்எம்வி வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்க வேண்டும். கட்டி ஒரு பக்கம் பிடித்து இழுத்தால் அது கண்ணீர்த்துளிபோல் கூர்மையாகும். 90 டிகிரிதான் தொடர்பு, ஆனால் துளி வடிவம் என்றால் நான் அதை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சுற்றியுள்ள சிறு சிரைகள் வீங்கியிருந்தால், ரத்தம் மாற்றுப்பாதை தேடுகிறது, பிரதான வழி அடைபடுகிறது என்று பொருள். எஸ்எம்விக்குள் வந்து சேரும் முதல் சிறுகுடல் கிளைகள் வரை கட்டி இறங்கியிருக்கிறதா என்பதை அறிக்கை தனியாகச் சொல்ல வேண்டும். வெட்டிய சிரையைத் தைத்து இணைக்கக் கீழே ஒரு நல்ல முனை வேண்டும். பலருக்குச் சிக்கல் அங்கேதான் வருகிறது.

இந்த அளவெல்லாம் படம் எடுத்த முறை சரியாக இருந்தால்தான் செல்லும். சாதாரண வயிற்று ஸ்கேனர் போதாது. படத்தில் ரத்தக்குழாய்களை ஒளிரவைக்கும் மருந்தை ஏற்றி 40 முதல் 50 வினாடியில் ஒருமுறை, 65 முதல் 70 வினாடியில் இன்னொருமுறை என்று இரண்டு கட்டமாக எடுக்க வேண்டும். முதல் கட்டத்தில் நல்ல கணையம் பளிச்சென்று ஒளிரும். நார்த்திசு நிறைந்து ரத்தம் குறைவாக ஓடும் கட்டி கறுத்துத் தெரியும், தமனிகளும் தெளியும். இரண்டாம் கட்டத்தில் சிரைகளும் கல்லீரலும் தெரியும். ஒரே கட்டத்தில், 5 மி.மீ. தடிமனில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு 170 டிகிரியா 200 டிகிரியா என்று பேசுவதில் பயனில்லை. துண்டுகள் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, 1 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. குடிக்கக் கொடுப்பது வெறும் தண்ணீராக இருக்கட்டும். குடலை வெள்ளையாகக் காட்டும் மருந்தைக் கொடுத்தால் பக்கத்துக் குழாய்களின் ஓரம் மறையும்.

அளக்கும் திசையும் முக்கியம். எஸ்எம்ஏ உடலின் நீளவாக்கில் இறங்குவதால் வழக்கமான குறுக்குவெட்டுப் படம் அதைச் சரியாக வட்டமாக வெட்டுகிறது. கல்லீரல் தமனியோ கிடையாக வளைந்து ஓடுகிறது. அதே குறுக்குவெட்டில் அதை அளந்தால் நீளவாக்கில் வெட்டிய குழாயை அளப்பதாகிவிடும், டிகிரி தப்பும். அதற்கு வேறு தளங்களில் திருப்பிக் கட்டிய படம் வேண்டும். சிலருக்குக் கல்லீரலின் வலப்பக்கத் தமனி எஸ்எம்ஏயிலிருந்தே கிளம்பிக் கணையத் தலைக்குப் பின்னால் ஓடும். பத்துப் பேரில் ஒருவருக்காவது இந்த அமைப்பு உண்டு. அறிக்கையில் இது விடுபட்டால், அறுவை மேசையில் அந்தத் தமனி வெட்டுப்படும் ஆபத்து இருக்கிறது.

மஞ்சள்காமாலைக்காகப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்திருந்தால், அது ஸ்கேனருக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். முன்னால் என்றால், எஸ்எம்ஏயைச் சுற்றிய அந்த ‘மங்கல்’ பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ஸ்டென்ட் வைக்கும்போது கணையம் சற்று அழன்றாலே கொழுப்பு கலங்கலாகத் தெரியும், ஸ்டென்ட்டின் நிழலும் விழும். காமாலை அவசரமாக இல்லாவிட்டால் ஸ்கேனர் முதலில், ஸ்டென்ட் பிறகு என்பதே சரியான வரிசை. மொரீஷியஸில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் அரிது என்பதால் இன்னொன்று: மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் சிறுநீரக அளவைப் பார்த்த பிறகே ஸ்கேனருக்கான மருந்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இருந்தால் மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தை மறுபடி பார்த்துத் தொடங்குவார்கள்.

அந்த ‘மங்கல்’ என்ற சொல்லில்தான் நரம்பின் விஷயம் ஒளிந்திருக்கிறது. எஸ்எம்ஏயும் சீலியாக் தண்டும் வெறும் குழாய்களாக ஓடுவதில்லை. அவற்றைச் சுற்றி நரம்பு வலை ஓர் உறைபோலப் போர்த்தியிருக்கிறது. சீலியாக் நரம்பு முடிச்சிலிருந்தும் எஸ்எம்ஏயின் வலையிலிருந்தும் கணையத் தலையின் பின்னோரத்துக்கு இரண்டு நரம்புக் கற்றைகள் வருகின்றன. கணையப் புற்றுக்கு நரம்பின் உறைக்குள் புகுந்து ஊரும் குணம் உண்டு. வேறு எந்த வயிற்றுப் புற்றிலும் இந்த அளவுக்கு இல்லை. கட்டி இந்தக் கற்றைகளைப் பிடித்துக்கொண்டே தமனிக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே தமனித் தொடர்பு என்று அறிக்கையில் எழுதப்படுவது பெரும்பாலும் நரம்பு வழியாக வந்த நோய்தான். சிரைக்கு இப்படிப்பட்ட நரம்புப் போர்வை இல்லை, பக்கத்துக் கட்டி நேராக வளர்ந்து அதைத் தொடுகிறது. சிரையை வெட்டி இணைத்துவிடலாம், தமனியைச் சூழ்ந்ததைச் சுத்தம் செய்வது கடினம் என்று அறுவை மருத்துவர்கள் வேறுபடுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நரம்பை ஸ்கேனரில் நேரடியாகக் காண முடிவதில்லை. அதைச் சுற்றிய கொழுப்பின் நிறத்தைத்தான் காண்கிறோம். தமனியைச் சுற்றி நல்ல கொழுப்பு சுத்தமான கறுப்பு வளையமாக இருக்க வேண்டும். கட்டியிலிருந்து தொடங்கி, விடாமல், நூலாகவோ நாக்குபோலவோ திசு நீண்டு தமனிவரை போனால் நரம்பு வழிப் பரவல் என்று ஐயப்பட வேண்டும். கட்டியோடு ஒட்டாமல் பரவலாக, புகைமூட்டம்போல் இருந்தால் அழற்சிக்கு வாய்ப்பு அதிகம். நல்ல அறிக்கை ‘திடமான கட்டித் தொடர்பு இத்தனை டிகிரி, மங்கல் இத்தனை டிகிரி’ என்று இரண்டையும் பிரித்து எழுதும். மாமாவின் அறிக்கையில் தமனிப் பக்கம் எண் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேட்கும் முதல் கேள்வி அதுதான். எஸ்எம்ஏயைத் தொடுவது திடமான திசுவா, வெறும் மங்கலா? எத்தனை டிகிரி? கட்டியோடு தொடர்ச்சி இருக்கிறதா?

எம்ஆர்ஐ, உள்நோக்கி வழி அல்ட்ராசவுண்ட் இரண்டும் இந்தக் கேள்விக்குத் துணைதான், மாற்று இல்லை. அல்ட்ராசவுண்ட் சிறிய கட்டியையும் சிரையையும் நன்றாகக் காட்டும், ஊசியால் திசு எடுக்கவும் உதவும். எஸ்எம்ஏயில் அவ்வளவு நம்பகமில்லை. எம்ஆர்ஐயின் பெரிய பயன், ஸ்கேனர் தவறவிட்ட சிறு கல்லீரல் பரவலைப் பிடிப்பது.

இரண்டு மாதக் கீமோவுக்குப் பிறகு மறு ஸ்கேனர் வரும்போது பல குடும்பங்கள் உடைந்துபோவதைப் பார்க்கிறேன். ‘200 இருந்தது 190 ஆகியிருக்கிறது, பயனில்லை’ என்று. அப்படிப் படிக்கக் கூடாது. கீமோவில் புற்றணுக்கள் மடிந்தாலும் அந்த இடத்தில் நார்த்தழும்பு நிற்கும். ஸ்கேனருக்குத் தழும்பும் கட்டியும் ஒன்றுபோலத் தெரியும். ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டுக் கீமோ கொடுத்த பிறகு, படத்தில் தமனியைப் பிடித்ததாகத் தெரிந்த கட்டிகளைத் திறந்து பார்த்து முழுதாக எடுத்திருக்கிறார்கள். அப்போது பார்க்க வேண்டியவை வேறு: புதிய பரவல் இல்லாமை, சிரையின் குறுகல் தளர்ந்ததா, ரத்தத்தில் அளக்கும் புற்றுக்குறியான சிஏ 19-9 இறங்கியதா, எடை நின்றதா. சிஏ 19-9ஐக் காமாலை தணிந்த பிறகு எடுத்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும், பித்தம் தேங்கினாலே அது ஏறும். லூயிஸ் ரத்த வகை இல்லாத சிலரின் உடல் அதை உற்பத்தியே செய்யாது. அவர்களிடம் குறைந்த அளவைப் பார்த்து நிம்மதி கொள்ள இடமில்லை. 2018இல் வெளிவந்த சர்வதேச வரையறை, குழாய்கள் சுத்தமாக இருந்தாலும் சிஏ 19-9 500ஐத் தாண்டினால் எல்லைக்கோட்டு நிலையாகவே கருதச் சொல்கிறது. உடல் தளர்ச்சியையும் அதே வரையறை சேர்த்துக்கொள்கிறது. மாமா காவடி விரதம் இருப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். மரக்கறி உணவு தடையில்லை. பருப்பு, தயிர், பன்னீர் என்று புரதம் குறையாமல், கணைய நொதி மாத்திரையோடு சாப்பிடட்டும். ஒருவேளை உணவை விடுவது இந்த மாதங்களில் அவருக்குக் கட்டுப்படியாகாது.

பெரியம்மாவின் திசு அறிக்கைக்கு வருகிறேன். ‘ஆங்கேன்மான் பெரிநெர்வே’ என்ற பிரெஞ்சுத் தொடரின் பொருள் நரம்பைச் சுற்றிய ஊடுருவல். புற்றணு நரம்பின் உறைக்குள் இருந்தாலோ, நரம்பின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்காவது சூழ்ந்திருந்தாலோ அப்படிக் குறிப்பது வழக்கம். கவனமாகத் தேடினால் கணையப் புற்றில் மிகப் பெரும்பாலோரிடம் இது கிடைக்கும். அதனால் ‘உண்டு’ என்ற ஒற்றைச் சொல் அதிகம் சொல்வதில்லை. கணையத்துக்கு வெளியே உள்ள நரம்பிலா, வெட்டிய ஓரத்துக்கு அருகிலா என்பதே அடுத்த கேள்வி.

ரத்தக்குழாய் ஊடுருவலைப் பிரெஞ்சில் குறிக்கும் ‘ஆம்போல் வாஸ்க்யுலேர்’ என்பதைப் பார்த்து, காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். நுண்சிரை அல்லது நிணநீர்க் குழாய்க்குள் புற்றணுக் கொத்து காணப்பட்டது, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிப்பது நரம்பைவிடச் சிரமம். சிரைக்குள் புகுந்த புற்று சிரைச்சுவரைத் தின்று அந்த இடத்தையே நிரப்பிவிடும், பார்ப்பதற்குச் சாதாரணக் கட்டி முடிச்சுபோல இருக்கும். தமனியும் சிரையும் ஜோடியாக ஓடுவது உடலின் வழக்கம். துணையில்லாமல் தமனி மட்டும் நின்று, பக்கத்தில் வழுவழுப்பான ஓரமுள்ள கட்டி முடிச்சு இருந்தால், அந்த முடிச்சுதான் காணாமல்போன சிரை. மீள்நாரைக் காட்டும் தனிச் சாயம் போட்டால் சிரைச்சுவரின் மிச்சம் தெரியும். அந்தச் சாயம் போடாத ஆய்வகத்தில் ‘ரத்தக்குழாய் ஊடுருவல் இல்லை’ என்று வந்தால் அதற்கு அதிக எடை தர மாட்டேன்.

குறியீடுகளில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘பிஎன்1’ என்று இரண்டு விதமாக எழுதுவார்கள். முதல் எழுத்து பி பெரியதாக, என் சிறியதாக இருந்தால் நரம்பு ஊடுருவல். பி சிறியதாக, என் பெரியதாக இருந்தால் ஒன்று முதல் மூன்று நிணநீர் முடிச்சுகளில் நோய். நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் அதே வடிவில் 2. தொலைபேசியில் வாசித்துக் கேட்டால் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். அதேபோல் கட்டியின் அளவையும் பிடிப்பையும் குறிக்கும் டி எண்ணில் ‘டி4’ என்பதும் நான்காம் கட்டமும் ஒன்றல்ல. சீலியாக் தண்டு, எஸ்எம்ஏ, பொதுக் கல்லீரல் தமனி இவற்றில் ஒன்றைக் கட்டி பிடித்தால் டி4, அது மூன்றாம் கட்டம். நான்காம் கட்டம் என்பது கல்லீரல் போன்ற தொலைவான உறுப்புக்குப் பரவுவது. சிரையைத் தொட்டதற்காக மட்டும் டி எண் ஏறாது. 2018 முதல் நடைமுறையில் உள்ள பிரிவில், அதற்குக் கீழே கட்டியின் அளவுதான் கணக்கு: 2 செ.மீ., 4 செ.மீ. என்ற எல்லைகள்.

பெரியம்மாவின் அறிக்கையில் இவற்றையெல்லாம்விட நான் தேடுவது ஓரங்களை. எஸ்எம்வி பதிந்திருந்த பள்ளம், எஸ்எம்ஏ பக்க ஓரம், பின்புறம், கணையக் கழுத்து, பித்தக்குழாய் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வண்ண மை பூசித் தனித்தனியே தூரத்தை மி.மீ.யில் எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பிய வழக்கில் 1 மி.மீ.க்குள் புற்று இருந்தால் ஓரம் சுத்தமில்லை என்பார்கள். அமெரிக்க வழக்கில் மையைத் தொட்டால்தான் அப்படி. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இப்படிச் சீரான முறைக்கு மாறியபோது, சுத்தமில்லாத ஓரங்கள் 14 சதவீதத்திலிருந்து 76 சதவீதமாக உயர்ந்ததாக 2008இல் எழுதினார்கள். அறுவை மோசமாகிவிடவில்லை, கண்கள் கூர்மையாயின. எஸ்எம்ஏ பக்க ஓரம் அடிக்கடி சுத்தமில்லாமல் போவதற்குக் காரணம் மேலே சொன்ன நரம்புக் கற்றைகள்தான்.

சென்னைக்கு இரண்டாம் கருத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். அறிக்கையின் தாளையோ, வாட்ஸ்அப்பில் எடுத்த ஃபிலிம் படத்தையோ அனுப்பிப் பயனில்லை, அதில் டிகிரி அளக்க முடியாது. ஸ்கேனரின் முழு டைகாம் கோப்புகளை (அளக்கத் தக்க மூலப் படங்களை)க் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். இரண்டு கட்டமும், மெல்லிய துண்டுகளும் அதில் இருக்கின்றனவா என்று அங்கேயே திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்டென்ட் வைத்த தேதி, சிஏ 19-9 எடுத்த தேதி, அன்றைய பிலிரூபின் (காமாலையின் அளவு), ஆறு மாத எடை, புதிதாகச் சர்க்கரை வந்த மாதம் இவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். பெரியம்மாவுக்கு என்றால் திசு ஒட்டிய கண்ணாடித் துண்டுகளோடு, திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியான பாராஃபின் ப்ளாக்கும் வேண்டும். மாமா விமானத்தில் போவதானால் காலில் ரத்தம் உறைவதைத் தடுக்க மருந்து வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். இந்த நோயில் அந்த ஆபத்து நிஜமாகவே அதிகம்.

மாமாவின் முதுகுவலி பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குத் துளைக்கும், குனிந்தால் குறையும், படுத்தால் கூடும் வலி, சீலியாக் வலையைச் சுட்டும் வலி. அது இருப்பதாலேயே அறுவை கூடாது என்று ஆகாது, ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் விடக் கூடாத தகவல். மாத்திரையில் அடங்காவிட்டால் அந்த நரம்பு முடிச்சில் ஆல்கஹால் செலுத்தி மரக்கச் செய்யலாம், உள்நோக்கி வழியாகவோ ஸ்கேனர் பார்த்தோ. சில நாள் வயிற்றுப்போக்கும், எழும்போது ரத்த அழுத்தம் இறங்குவதும் வரலாம். வலி முற்றி, மார்ஃபின் அளவு ஏறிய பிறகு இதைக் கேட்பதைவிட, கீமோ தொடங்கும் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.